புள்ளி நிரலை மட்டும் வாசிக்கிற ஆக்களுக்கு

2024 யூலை 20, லண்டன். பாரிஸ் ஒலிம்பிக்குக்கு முந்திய பயிற்சி ஆட்டம். அமெரிக்கா 101, தென் சூடான் 100. இந்த ஆட்டத்தில் எங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரிந்தது ஒரே ஒரு காட்சிதான்: 8 செக்கன் மிச்சம் இருக்கேக்க லெப்ரோன் ஜேம்ஸ் உள்ளுக்குப் புகுந்து போட்ட லே-அப். அந்தக் காணொளிக்குக் கீழே "கிங் எண்டா கிங்தான்", "39 வயசிலயும் தனியாளா காப்பாத்திப்போட்டான்" என்று நெருப்புப் படங்களோடு நூற்றுக்கணக்கில் கருத்துகள்.

சரி, ஜேம்ஸ் அன்று 25 புள்ளி எடுத்தார். அதில் எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் அதே ஆட்டத்தின் புள்ளிவிபர அட்டையில் இன்னொரு நிரை இருக்கிறது. கார்லிக் ஜோன்ஸ், தென் சூடான்: 15 புள்ளி, 11 ரிபவுண்ட், 11 அசிஸ்ட். மூன்றும் இரட்டை இலக்கம். கூடைப்பந்தில் இதை 'ட்ரிப்பிள் டபிள்' என்பார்கள். அதுவரைக்கும் ஒலிம்பிக்கில் ஒரு கூடைப்பந்து ஆட்டம்கூட ஆடியிராத ஒரு நாட்டின் கார்ட், என்பிஏ நட்சத்திரங்களை மட்டும் வைத்துக் கட்டின அணிக்கு எதிராகச் செய்த வேலை இது. ஆட்டத்துக்கு முதல் பந்தயக்காரர் அமெரிக்கா 40 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் வெல்லும் என்று கணித்திருந்தார்கள். அரைவாசி நேரத்தில் தென் சூடான் 58, அமெரிக்கா 42. இதெல்லாம் யாரும் ஒளித்து வைத்த தகவல் இல்லை. அதே அட்டையில், கொஞ்சம் கீழே, வடிவாக அச்சடித்துக் கிடக்கிறது. ஆக்கள் கீழே இறங்கி வாசிக்கிறதில்லை, அவ்வளவுதான்.

எங்கட வாக்குவாதம் அந்த வாசிப்போடுதான். ஒரு தேசிய அணிகளின் ஆட்டத்துப் புள்ளிவிபரத்தை எங்கட வயசுக்காரர் மூன்று விதமாகப் பிழையாக வாசிக்கினம். ஒரு கூட்டம் 'புள்ளி' என்ற ஒற்றை நிரலை மட்டும் பார்க்குது. இன்னொரு கூட்டம் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற நாட்டைப் பார்த்து "இவங்கள் உண்மையில அந்த நாட்டுக்காரரே?" என்று கேட்குது. மூன்றாவது கூட்டம் அட்டையைத் திறக்காமலே "பாவம், அகதிப் பிள்ளையள், எவ்வளவு தைரியம்" என்று கண்ணீர் விடுது. மூன்றும் வேறு வேறு மாதிரித் தெரிந்தாலும் நோய் ஒன்றுதான்.

அட்டை என்ன சொல்லுது, என்ன சொல்லாது

முதலில் அடிப்படைக் கணக்கு. பாடசாலையில் நிரை, நிரல் படித்த எல்லாருக்கும் விளங்கும். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு நிரை. நிரல்களில் ஆடிய நிமிடம், எறிந்தது எத்தனை, விழுந்தது எத்தனை, ரிபவுண்ட், அசிஸ்ட், பந்து பறித்தது, எறிகையைத் தடுத்தது, பந்தைத் தொலைத்தது, ஃபவுல், கடைசியில் மொத்தப் புள்ளி. சர்வதேச ஆட்டம் 40 நிமிடம், என்பிஏ ஆட்டம் 48 நிமிடம். ஆகவே "அங்க 27 அடிக்கிறவன் இங்க 15தான் அடிச்சான், நாட்டுக்கெண்டா மனசு வைக்கிறானில்லை" என்று ஒப்பிடுகிறது முதல் படியிலேயே பிழை. நிமிடம் குறைவு. போதாததற்கு அமெரிக்க அணியில் 12 பேரும் தங்கள் தங்கள் கழகத்தில் முதன்மை ஆட்டக்காரர். ஒரு அணிக்கு ஒரு ஆட்டத்தில் இருப்பது 5 பேருக்கு 40 நிமிடம், மொத்தம் 200 நிமிடம்தான். அதைப் 12 பேருக்குப் பிரிக்க வேண்டும்.

இதில் சில நிரல்கள் வெறும் எண்ணிக்கை. சில நிரல்கள் தீர்ப்பு. வளையத்துக்குள் பந்து விழுந்ததா என்பதில் இரண்டு கதை இல்லை. ஆனால் அசிஸ்ட் அப்படி இல்லை. கொடுத்த பந்துதான் நேரடியாக அந்தக் கூடைக்கு வழி விட்டதா என்று மேசையில் இருந்து பதிகிற ஒருவர் தீர்மானிக்கிறார். சர்வதேச அட்டைகளில் 'எபிஷியன்சி' என்று ஒரு நிரல் வரும். புள்ளி, ரிபவுண்ட், அசிஸ்ட், பறிப்பு, தடுப்பு எல்லாத்தையும் கூட்டி, தவறவிட்ட எறிகைகளையும் தொலைத்த பந்துகளையும் கழித்தால் வருகிற எண் அது. அதில் ஒரு ரிபவுண்டும் ஒரு புள்ளியும் ஒரே பெறுமதி. ஏன் அப்படி? கணக்குச் சுகம், வேறொன்றும் இல்லை. பிறகு 'கூட்டல்-கழித்தல்' நிரல்: அந்த வீரர் களத்தில் நின்ற நேரத்தில் அணி எத்தனை புள்ளி முன்னுக்குப் போனது அல்லது பின்னுக்கு வந்தது. நல்ல எண்தான். ஆனால் ஒரே ஒரு ஆட்டத்தில் அது கூட நின்ற நான்கு பேரின் எண்ணும்தான்.

அட்டையில் நிரலே இல்லாத வேலைகளும் இருக்கு. நண்பனுக்கு வழி விட, ஓடி வருகிற ஆளுக்கு முன்னால் மதில் மாதிரி நிற்கிறது. எதிரணியின் பெரிய ஆளை வளையத்துக்கு வெளியே முதுகால் தள்ளி வைத்து, ரிபவுண்டை இன்னொருவருக்கு எடுக்கக் கொடுக்கிறது. கையைத் தூக்கி ஓடி வந்து எதிராளியின் எறிகையைக் கோணலாக்கிறது. பந்து வெளியே போனால் அட்டையில் எறிந்தவருக்குத்தான் தவறு பதியும். கோணலாக்கினவருக்கு ஒன்றும் இல்லை.

இது விளங்க ஒரு ஆள் போதும். மனுட் போல். தென் சூடானில் டிங்கா இனத்தில் பிறந்து என்பிஏயில் ஆடியவர். அவருடைய முழு என்பிஏ வாழ்க்கையில் எடுத்தது 1599 புள்ளி, தடுத்தது 2086 எறிகை. புள்ளியை விடத் தடுப்பு கூடின ஆள். புள்ளி நிரலை மட்டும் பார்த்தால் இவர் ஒரு சாதாரண ஆட்டக்காரர். எதிரணி எறிய வந்து, இவரைப் பார்த்துத் திரும்பிப் போன தடவைகளை எண்ண ஒரு நிரலும் கிடையாது.

இப்ப லண்டனுக்குத் திரும்புவோம். கடைசி 20 செக்கன் அளவில் ஜே. ரி. தோர் மூன்று புள்ளி எறிந்து தென் சூடானை 100–99 என்று முன்னுக்குக் கொண்டு வந்தார். அதற்குப் பிறகுதான் ஜேம்ஸின் லே-அப். அந்த 2 புள்ளி, 101 புள்ளிக்குள் இருக்கிற 2 புள்ளி. இரண்டாவது நிமிடத்தில் யாரோ போட்ட 2 புள்ளிக்கும் அட்டையில் அதே பெறுமதிதான். அட்டை இந்த விசயத்தில் எங்களை விட நியாயமானது. அதற்குக் கடைசி நேரம், பின்னணி இசை, மெதுவாக ஓடுகிற காணொளி ஒன்றும் தெரியாது. கதாநாயகனைத் தேடி எடுக்கிறது நாங்கள்தான்.

நாலு ஆட்டத்தில் தீர்ப்பு எழுதினவர்கள்

ஒற்றை நிரல் வாசிப்பு எவ்வளவு மோசமாக ஆளைக் கவிழ்க்கும் என்பதற்கு ஸ்டீபன் கறியின் பாரிஸ் ஒலிம்பிக்கே சாட்சி. முதல் நான்கு ஆட்டத்தில் அவர் எடுத்தது 11, 3, 8, 7. சராசரி 7.3 புள்ளிகூட முழுசாக வராது. "கறி முடிஞ்சுது", "வயசு போட்டுது", "பெஞ்சில இருத்துங்கோ" என்று உலகம் முழுக்க எழுதினார்கள். எங்கட குழுக்களிலும் குறைவில்லை. ஓகஸ்ட் 8 அரையிறுதியில் சேர்பியாவுக்கு எதிராக 36 புள்ளி, அதில் 9 மூன்று-புள்ளி எறிகை. இரண்டு நாள் கழித்து பிரான்ஸுக்கு எதிரான இறுதியாட்டத்தில் 24 புள்ளி, 8 மூன்று-புள்ளி. அமெரிக்கா 98–87.

நான்கு ஆட்டம் என்பது மிகச் சிறிய மாதிரி. தூர எறிகைக்காரருக்கு ஏற்ற இறக்கம் எல்லாரையும் விடக் கூட. இது புள்ளிவிபரம் படிக்காத கலைப்பீடப் பிள்ளைகளுக்கும் விளங்குகிற விசயம். நாணயத்தை நாலு தரம் சுண்டி நாலும் பூ விழுந்தால், தலை இல்லாத நாணயம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் விளையாட்டு என்று வந்ததும் அதைத்தான் செய்கிறோம்.

இறுதியாட்டத்தின் அட்டையில் இன்னொன்றையும் பாருங்கள். அன்று களத்தில் ஆகக்கூடிய புள்ளி எடுத்தவர் கறி அல்ல. தோற்ற பிரான்ஸின் விக்ரர் வெம்பன்யாமா, 26 புள்ளி, வயது 20. அரையிறுதியிலும் ஜேம்ஸின் நிரை 16 புள்ளி, 12 ரிபவுண்ட், 10 அசிஸ்ட். கறியின் 36ஐப் பார்த்துக் கண் கூசினவர்களுக்கு இது தெரிந்திருக்காது. கறிக்கு வழி திறந்ததில் பாதி இந்த நிரைக்குள் இருக்கு.

வெறும் பூச்சியங்களும் பேசும். 2024 யூனில் பொஸ்ரனோடு என்பிஏ கிண்ணம் வென்ற ஜேசன் ரேற்றம், சேர்பியாவுக்கு எதிரான இரண்டு ஆட்டத்திலும் ஒரு செக்கன்கூட ஆடவில்லை. தென் சூடானுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் ஆரம்ப ஐவரில் ஒருவர். ஜோயல் எம்பீட் தென் சூடானுக்கு எதிராகப் பூச்சிய நிமிடம், அரையிறுதியில் 19 புள்ளி. அதே ஆட்கள், அதே பதினைந்து நாள். மாறினது எதிரணி. வேகமாக ஓடி விரிந்து ஆடுகிற அணிக்கு எதிராக ஒரு பெரிய ஆள் சுமை. நிக்கொலா ஜோகிச் நிற்கிற அணிக்கு எதிராக அதே பெரிய ஆள் அவசியம். ஆகவே "ரேற்றமை அவமானப்படுத்திட்டினம்" என்று கொதிக்கிறதுக்கு முதல், அந்தப் பூச்சியம் யாருக்கு எதிராக வந்தது என்று பார்க்கலாம். தென் சூடானுக்காக அமெரிக்கா தன் ஆரம்ப ஐவரையே மாற்றினது. இதை விடப் பெரிய மரியாதையை எந்தப் புள்ளி நிரலும் காட்டாது.

"உண்மையில அந்த நாட்டுக்காரரே?"

இரண்டாவது கூட்டத்துக்கு வருவம். இவர்கள்தான் எங்களை இந்தக் கட்டுரையை எழுத வைத்தவர்கள்.

"கார்லிக் ஜோன்ஸ் அமெரிக்கன். சின்சினாற்றியில பிறந்தவன். காசுக்கு ஆடுறான். மரியல் ஷயோக் கனடாவில பிறந்தவன். இதென்ன தென் சூடான் அணி?" இப்படி எழுதினவர்களுக்கு முதலில் விதியைச் சொல்வம். சர்வதேச கூடைப்பந்துச் சம்மேளனம் ஒரு தேசிய அணியில் 16 வயதுக்குப் பிறகு குடியுரிமை பெற்ற ஒரே ஒருவரை அனுமதிக்கிறது. தென் சூடானுக்கு அந்த ஒருவர் ஜோன்ஸ். இது எல்லா நாட்டுக்கும் பொதுவான விதி. பெரிய நாடுகளும் இதே விதியைத் தாராளமாகப் பாவிக்கினம்.

அடுத்தது, அதே கேள்வியை மற்றப் பக்கத்துக்கும் கேளுங்கள். ஜோயல் எம்பீட் கமரூனில் யாவுண்டேயில் பிறந்தவர். பிரெஞ்சுக் குடியுரிமையும் எடுத்தார், அமெரிக்கக் குடியுரிமையும் எடுத்தார், கடைசியில் அமெரிக்காவுக்கு ஆடினார். அதற்காகப் பிரெஞ்சு ரசிகர்கள் அவரைக் கூக்காட்டினார்கள். ஆனால் "இதென்ன அமெரிக்க அணி" என்று எங்கட குழுக்களில் ஒருவரும் கேட்கவில்லை. 1996 அற்லாண்டாவில் அமெரிக்காவுக்குத் தங்கம் எடுத்த ஹக்கீம் ஒலாஜுவான் லாகோஸில் பிறந்தவர். அதையும் யாரும் கேட்பதில்லை. ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்குப் போனால் அது 'கனவு'. எதிர்த்திசையில் வந்தால் அது 'கள்ள பாஸ்போர்ட்'. இந்தக் கணக்கை யார் சொல்லித் தந்தது?

மற்ற வீரர்களின் கதை இன்னும் நேரடியானது. நுனி ஓமொட் கென்யாவில் அகதி முகாமில் பிறந்தவர். வென்யென் கப்ரியேல் கார்ட்டூமில் பிறந்து, எகிப்து வழியாக அமெரிக்கா போன குடும்பம். காமன் மலுவாச் உகண்டாவில் வளர்ந்தவர், பாரிஸில் ஆடும்போது வயது 17. இவர்கள் பிறந்த இடத்தைத் தாங்களாக விரும்பித் தெரிவு செய்யவில்லை. தென் சூடான் தனிநாடானதே 2011 யூலை 9. அதற்குப் பிறகும் 2013 முடிவில் உள்நாட்டுப் போர். அந்த அணியில் வயது வந்த ஒருவரும் 'தென் சூடான்' என்ற நாட்டில் பிறந்திருக்கவே முடியாது. அப்படி ஒரு நாடு அப்போது இல்லை! பிறந்த இடத்தைப் பார்த்து அணியைத் துப்புரவாக்கினால், மிஞ்சுவது வெறும் பெஞ்ச்.

லுவோல் டெங்கைப் பாருங்கள். வாவில் பிறந்து, குழந்தையாகக் குடும்பத்தோடு எகிப்துக்கு ஓடி, அங்கே மனுட் போலிடம் பந்து பழகி, பிறகு லண்டனில் வளர்ந்தவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆடினார். அந்த அட்டையில் அவர் பெயருக்கு நேரே இருப்பது பெரிய பிரித்தானியா. ஆடி முடித்த பிறகு தென் சூடான் சம்மேளனத்தின் தலைவராகி, சொந்தக் காசையும் போட்டு இந்த அணியைக் கட்டினார். அட்டையில் இருக்கிற மூன்றெழுத்து நாட்டுக் குறியீடு ஒரு மனுசனின் வாழ்க்கையில் எவ்வளவு துண்டைச் சொல்லும்?

இதை நாங்கள் ஏன் இவ்வளவு சூடாகச் சொல்கிறோம் என்று கேட்பீர்கள். எங்கட வகுப்புகளிலேயே தமிழ்நாட்டு முகாமில் பிறந்து, பத்து பன்னிரண்டு வயதில் திரும்பி வந்த ஆக்கள் இருக்கினம். அங்க "சிலோன்காரர்", இங்க "இந்தியாக்காரர்". ரொரன்ரோவில் பிறந்த மச்சாளைப் பார்த்து "நீ உண்மையில எங்கட ஆளே?" என்று கேட்கிற கல்யாண வீடுகளும் எங்களுக்குத் தெரியும். அந்தக் கேள்வி எங்களைச் சுட்டால், அதையே ஓமொட்டிடமும் கப்ரியேலிடமும் கேட்க எங்களுக்கு என்ன தகுதி?

இரக்கமும் வாசிக்காமைதான்

மூன்றாவது கூட்டம் நல்ல மனசுக்காரர். அதனாலேயே இவர்களோடு சண்டை பிடிக்கிறது கஷ்டம். "உள்ளக அரங்கு ஒன்றுகூட இல்லாத நாடு", "அகதிகளின் அணி", "தோத்தாலும் வென்றவர்கள்". தகவல் பிழை இல்லை. உள்ளக அரங்கு இல்லை என்பது அந்த நேரத்து உண்மை. ஆனால் இந்தக் கதையை எழுதுகிறவர்களில் எத்தனை பேர் அட்டையைத் திறந்தார்கள்?

திறந்திருந்தால் இது தெரிந்திருக்கும். 2023 உலகக் கிண்ணத்தில் தென் சூடான் சீனாவை 89–69, பிலிப்பைன்ஸை 87–68, அங்கோலாவை 101–78 என்று வென்றது. அந்தப் போட்டித் தொடரில் ஆட்டத்துக்குச் சராசரி ஆகக்கூடிய அசிஸ்ட் கொடுத்தவர் இதே ஜோன்ஸ், 10.4. ஆபிரிக்காவிலிருந்து நேரடியாக ஒலிம்பிக்குக்குப் போனது ஆடி வென்றுதான், யாரும் இரங்கிக் கொடுத்த இடம் இல்லை. பாரிஸில் முதல் ஆட்டத்தில் புவேர்ட்டோ ரிக்கோவை 90–79 என்று வென்றார்கள். அந்த ஆட்டத்துக்கு முதல் ஏற்பாட்டாளர்கள் இவர்களுக்குச் சூடானின் தேசிய கீதத்தைப் போட்டார்கள். எந்த நாட்டிடமிருந்து பிரிய இத்தனை தசாப்தம் போராடினார்களோ, அந்த நாட்டின் கீதம். வீரர்கள் அப்படியே நின்றார்கள், கீதம் மாறினது, ஆடினார்கள், வென்றார்கள்.

பிறகு அமெரிக்காவிடம் 86–103. லண்டனில் ஒரு புள்ளி, பாரிஸில் 17 புள்ளி. அந்த ஆட்டத்திலும் ஆகக்கூடிய புள்ளி எடுத்தவர் ஓமொட், 24. ஆனால் அமெரிக்காவின் ஆகக்கூடிய புள்ளிக்காரர் பாம் அடெபாயோ, பெஞ்சிலிருந்து வந்து 18. அங்கேதான் வித்தியாசம். அவர்களின் இரண்டாவது வரிசை வந்து ஆட்டத்தைக் கொண்டு போய்விட்டது. அடுத்து சேர்பியாவிடம் 85–96. காலிறுதி இல்லை. "தோத்தாலும் வென்றவர்கள்" என்று சொல்லாதீர்கள். தோற்றார்கள். ஏன் தோற்றார்கள் என்று பேசுவதுதான் ஒரு அணிக்குக் கொடுக்கிற மரியாதை. அமெரிக்கா தோற்றால் பயிற்றுநரின் தெரிவு, பாதுகாப்பு ஆட்டம், எறிகை வீதம் என்று பத்துப் பக்கம் எழுதுகிறோம். தென் சூடான் தோற்றால் முகாமைப் பற்றி எழுதுகிறோம். ஜோன்ஸின் 11 அசிஸ்டைப் பார்க்காமல் அவர் அணியின் கஷ்டத்தை மட்டும் பார்க்கிறவரும், லே-அப்பை மட்டும் பார்க்கிறவரும் அட்டையின் அதே பாதியைத்தான் மூடி வைத்திருக்கினம்.

அப்ப என்ன செய்ய?

"சும்மா ஒரு மட்ச், ரசிச்சிட்டுப் போங்கோவன்" என்று சொல்வீர்கள். ரசியுங்கோ. லே-அப்பை நூறு தரம் பாருங்கோ, நாங்களும் பார்த்தனாங்கள். ஆனால் புள்ளிவிபரத்தைச் சாட்சிக்கு இழுத்து ஒருவரைத் தூக்கவோ விழுத்தவோ வெளிக்கிட்டால், முழுச் சாட்சியையும் கேட்க வேண்டும். "எண் பொய் சொல்லாது" என்று அடிக்கடி சொல்கிறீர்கள். எண் பொய் சொல்லாதுதான். ஒரு எண்ணை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டுகிற ஆள் சொல்லலாம்.

நாங்கள் கேட்பது பெரிய காரியம் இல்லை. அட்டையைக் கீழிருந்து மேலே வாசித்துப் பழகுங்கள். தோற்ற அணியில் தொடங்குங்கள். புள்ளி நிரலைக் கையால் மறைத்துவிட்டு, நிமிடம், ரிபவுண்ட், அசிஸ்ட், தொலைத்த பந்து எல்லாத்தையும் பார்த்து, யார் ஆட்டத்தை நடத்தினது என்று நீங்களாக ஒரு முடிவுக்கு வாருங்கள். பிறகு கையை எடுங்கள். ஒரு ஆட்டத்தை வைத்து ஒரு வீரரின் கதையை முடிக்காதீர்கள், நான்கு ஆட்டத்தை வைத்தும் முடிக்காதீர்கள். பூச்சியம் கண்டால் யாருக்கு எதிராக என்று கேளுங்கள். பெயருக்குப் பக்கத்தில் நாட்டைக் கண்டால், அந்த மூன்றெழுத்துக்கு வந்து சேர எத்தனை எல்லை தாண்டினார்கள் என்று கேட்கத் தெரிந்தால் கேளுங்கள். தெரியாவிட்டால் பிறப்புச் சான்றிதழ் கேட்காமலாவது இருங்கள்.

அடுத்த முறை குழுவில் யாராவது ஒரு ஆட்டத்தின் அட்டையைப் பாதி வெட்டிப் போட்டால், மிச்சப் பாதியை நாங்கள் போடுவோம். கார்லிக் ஜோன்ஸ், 15, 11, 11. அதிலிருந்து கதையுங்கோ.